மனவுறுதியுள்ள நாயகியர் வரும் காதல், மாயப்புனைவு நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் நடத்திவரும் வாசகர் வட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளி ஆசிரியைகள், பனியன் கம்பெனிகளில் தையல் பிரிவில் இருப்பவர்கள், கல்லூரி மாணவிகள், தோட்டத்து வேலையை முடித்துவிட்டு வரும் குடும்பத் தலைவிகள் எனப் பலரும் வருகிறார்கள். தன் மனத்தைத் தானே ஆளும் நாயகி இருக்கும் காதற்கதைகளையும் மாயப்புனைவுகளையும் விரும்பிப் படிப்பவர்கள் இவர்கள். புதிதாகச் சேர்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

மனவுறுதியுள்ள நாயகி என்று யாரைச் சொல்கிறீர்கள்? வாள் எடுத்துச் சண்டை போடுகிறவளா?

வாள் சுழற்றுவது ஒரு திறமை. அது இருந்தால் கதை விறுவிறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். முதல் அத்தியாயத்தில் நான்கு பேரை அடித்து வீழ்த்திவிட்டு, ஆறாம் அத்தியாயத்திலிருந்து நாயகனின் சொல்லுக்குக் காத்திருக்கும் நாயகியர் ஏராளம். வாய்த்துடுக்கும் அப்படியே. எடுத்தெறிந்து பேசுகிறாள் என்பதற்காக ஒருத்தியை உறுதியானவள் என்று சொல்லிவிட முடியாது.

நான் இரண்டைப் பார்ப்பேன். கதையின் பெரிய திருப்பங்கள் யாருடைய முடிவினால் நேர்கின்றன என்பது ஒன்று. அந்த முடிவுக்கான விலையை அவளே கொடுக்கிறாளா, அல்லது ஆசிரியர் அவளுக்காக யாரையாவது அனுப்பிக் கணக்கைத் தீர்த்துவிடுகிறாரா என்பது இன்னொன்று.

எல்லோருக்கும் தெரிந்த ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளலாம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலில் குந்தவை எந்த ஆயுதத்தையும் தொடுவதில்லை. பழையாறையில் இருந்தபடியே வந்தியத்தேவனிடம் ஓலை கொடுத்து இலங்கைக்கு அனுப்புகிறாள். கதையின் கடற்பகுதி முழுவதும் அந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கிறது. கோடிக்கரையிலிருந்து அவனைப் படகில் ஏற்றிக் கடலைக் கடக்க வைப்பவள் பூங்குழலி. சதியின் நூல் நந்தினியின் கையில் இருக்கிறது. இவர்களில் யார் உறுதியானவள் என்று எங்கள் வட்டத்தில் கேட்டால் நந்தினியின் பெயரே அதிகம் வரும். நான் வானதியைச் சொல்வேன். தொடக்கத்தில் எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிற பெண், பின்னர் சிங்காதனத்தில் அமரவே மாட்டேன் என்று சபதம் செய்யும் இடத்துக்கு வருகிறாள். அரியணைக்காக இளவரசரை விரும்புகிறாள் என்ற பேச்சை, தான் இழக்கப்போவதைக் கொண்டே அவள் பொய்யாக்குகிறாள். இந்த வளர்ச்சியைக் கவனித்துப் படித்தவர்களுக்கு, பிறகு எந்த நாவலை எடுத்தாலும் நாயகியை எடைபோடுவது எளிதாகிவிடும்.

காதற்கதையும் மாயப்புனைவும் வேறு வேறு வகைகள். அவற்றை ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

நடப்பியல் கதையில் ஒரு பெண் ஊரைவிட்டுப் போக நினைத்தால் பேருந்துக் கட்டணம், வீட்டாரின் சம்மதம், தங்க இடம், ஊர்ப்பேச்சு ஆகிய அத்தனையும் அவளுக்கு முன்னால் வந்து நிற்கும். அவற்றை எழுதி முடிப்பதற்குள் பாதி நாவல் போய்விடும். மாயப்புனைவு அந்தத் தடைகளை ஒரு மந்திரத்தால் விலக்கிவிட்டு, ‘இப்போது உன்னால் எங்கும் போக முடியும், என்ன செய்யப்போகிறாய்?’ என்று நேராக அவளிடம் கேட்கிறது. காதற்கதை கேட்பது இதைவிடக் கடினமான கேள்வி. உலகத்தையே எதிர்த்து நின்றவள், தான் விரும்புகிற ஒருவனுக்கு முன்னாலும் தன் மனத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வாளா என்பதுதான் அது. இரண்டும் ஒரே நூலில் சேரும்போது கதைக்குக் கிடைக்கும் இறுக்கம், தனித்தனியாக இருக்கும்போது கிடைப்பதில்லை.

இவையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்தவை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களிடம் மணிமேகலையைக் கொடுங்கள். சீத்தலைச் சாத்தனார் பாடிய அந்தக் காப்பியத்தில் ஒரு மாயப்புனைவுக்கு வேண்டிய அனைத்தும் இருக்கின்றன. இளவரசன் உதயகுமரன் அவளைத் தேடி மலர்வனத்துக்கு வருகிறான். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிச்சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே தன் முற்பிறவியை அவள் அறிகிறாள். அந்தப் பிறவியில் உதயகுமரனே அவளுக்குக் கணவனாக இருந்தவன். வேற்றுருக் கொள்ளவும், வான்வழியே செல்லவும், பசியைப் போக்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் கைக்கு வருகிறது.

இத்தனை ஆற்றல் கிடைத்தபின் அவள் செய்வது என்ன என்பதில்தான் சாத்தனாரின் மேதைமை தெரிகிறது. அவள் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். சோழ மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அதே நேரத்தில் காதல் அவளுக்குத் தெரியாத ஒன்றாகவும் இல்லை. தன்னை இழிவாகப் பேசியவன் என்று அறிந்தும் ‘புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்’ என்று தோழி சுதமதியிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறாள். ஈர்ப்பு இல்லாத பெண் அதைத் துறப்பதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. நெஞ்சம் போன திசை தெரிந்தும், தான் போகவேண்டிய வழியைத் தானே தேர்ந்ததால்தான் அவள் இத்தனை நூற்றாண்டுகளாக நிற்கிறாள். உதயகுமரனின் சாவு வரும் இடத்தில் அவள் கலங்குவதையும் காப்பியம் மறைக்கவில்லை. மூலம் கடினமாக இருந்தால் நல்ல உரைநடைப் பதிப்பு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிக்கலாம்.

அகப்பாடல்களில் வரும் உடன்போக்கையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். காதலனோடு பாலை வழியே நடந்துபோகும் பெண்ணைப் பற்றிச் செவிலித்தாய் புலம்பும் பாடல்கள், அவளுடைய முடிவின் கனத்தைப் பிறர் வாயால் நமக்கு உணர்த்துகின்றன.

கொங்கு நாட்டுக்கென்று இப்படிப்பட்ட நாயகியர் உண்டா?

உண்டு. அவர்களை அறியாமல் வெளியே தேடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

அண்ணன்மார் சாமி கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் பொன்னர், சங்கர் என்ற இரு வீரர்களைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதையைப் பெண்கள் பக்கமிருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளையில்லாத தாமரை, தன்னை அவமதித்த பிறந்த வீட்டின் வாசலில் சூளுரைக்கிறாள். நெடுங்காலம் தவமிருந்து மக்களைப் பெறுகிறாள். அவள் தவம் இல்லையென்றால் கதையே இல்லை. அவளுடைய மகள் தங்காளுக்கு வரப்போவது முன்னமே கனவில் தெரிகிறது. அண்ணன்மாரைத் தடுக்கிறாள், அவர்கள் கேட்பதில்லை. படுகளத்தில் அவர்கள் விழுந்தபின் காட்டு வழியே தேடிப் போய், தன் தவ வலிமையால் அவர்களைச் சிறிது நேரம் எழுப்பிப் பேசவைப்பவளும் அவளே. முன்னறியும் ஆற்றல், மரணத்தையே ஒரு நாழிகை நிறுத்திவைக்கும் ஆற்றல் ஆகியவற்றோடு, சொல்வதை யாரும் கேட்காத துயரமும் அவளிடம் இருக்கிறது. இன்றைய மாயப்புனைவு எழுத்தாளர் எவரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூடிய பாத்திரம் இது. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பகுதி ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். 1992இல் அது நூலாகவும் வந்தது.

இன்னொருத்தி நாகம்மாள். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் எழுதிய நாவலின் நாயகி. அதில் மாயமும் இல்லை, நாம் பேசும் வகையிலான காதற்கதையும் இல்லை. ஆனாலும் எங்கள் வட்டத்தில் சேரும் ஒவ்வொருவரையும் அதைப் படிக்கச் சொல்கிறேன். கணவனை இழந்து, சிறு பெண்குழந்தையோடு கொழுந்தனின் குடும்பத்தில் வாழும் ஒருத்தி, நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். கதை அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத்திருத்தம் 1989இல்தான் வந்தது. அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பு, தன் பங்கைக் கேட்கும் விதவை ஒருத்தியைக் கொங்கு வழக்கிலேயே பேசவைத்து நடுவில் நிறுத்தினார் அவர். நாகம்மாள் முழுக்க நல்லவளாகவும் இல்லை. பிறர் தூண்டுதலுக்கு ஆட்படுகிறாள், முடிவு கொலையில் போய் நிற்கிறது. ஒரு பெண்ணின் உறுதியை அவளுடைய குற்றங்குறைகளோடு சேர்த்து எழுத முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே இப்படி ஒரு முன்மாதிரி இருக்கிறது.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

சரித்திரக் கதையில் விருப்பம் இருந்தால் ‘சிவகாமியின் சபத’த்திலிருந்து. வாதாபியிலிருந்து தப்பிவர வழி கிடைத்தும், அந்த நகரம் எரிவதைக் கண்ட பிறகே வருவேன் என்று மறுக்கும் சிவகாமியின் பிடிவாதம், அவளுடைய காதலையே விலையாகக் கேட்கிறது. உறுதி எப்போதும் மகிழ்ச்சியில் முடிவதில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கடலும் கப்பலும் வேண்டுமென்றால் சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் இருக்கிறார்கள். சாண்டில்யனின் வருணனைகள் சிலருக்கு அலுப்பூட்டும். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் படிப்பதில் தவறில்லை.

புராணத்தை மாயப்புனைவாக நீண்டு படிக்க விரும்புவோருக்கு ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இருக்கிறது. 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக வந்த அந்த வரிசையின் முதல் நூலான ‘முதற்கன’லில் மகாபாரதத்து அம்பையின் சினம் வரும் பகுதிகளை மட்டுமாவது படியுங்கள்.

பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் மாத நாவல்கள் இந்தக் கணக்கில் வருமா?

வரும். ராணி முத்து, மாலைமதி, கண்மணி போன்ற மாத இதழ்களைப் படித்துத்தான் கொங்கு நாட்டுப் பெண்கள் பலர் வாசகிகளானார்கள். வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த ரமணிசந்திரன் நாவலுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த நாவல்களை இகழ்ந்து பேசுவதை நான் ஏற்பதில்லை. தன்மானத்தை விட்டுக்கொடுக்காத, வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்கிற நாயகியரை அவை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுசென்றன. அவற்றுக்கும் முன்னால், ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகியும், மருத்துவராக இருந்துகொண்டே எழுதி 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற லக்ஷ்மியும் இந்த வழியைப் போட்டுத் தந்தவர்கள்.

குறை ஒன்று உண்டு. பல கதைகளில் இருவருக்கும் இடையில் இருப்பது ஒரு தவறான புரிதல் மட்டுமே. உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலை இருநூறு பக்கம் இழுக்கும்போது, நாயகியின் உறுதி வெறும் வீம்பாகத் தோன்றிவிடுகிறது. அவள் எதை விரும்புகிறாள், அவன் எதை விரும்புகிறான், இரண்டும் உண்மையிலேயே எங்கே மோதுகின்றன என்பதைக் காட்டும் நாவலைத் தேடிப் பிடியுங்கள்.

இணையத்தில் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள் நிறைய வருகின்றன. அவற்றை விரும்பிப் படிக்கிறேன். அது தவறா?

விரும்புவது தவறில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நீண்ட விடை தர வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்களில் பலர் திருமணம் நிச்சயமாகும் வயதில் இருப்பவர்கள்.

இந்தக் கதைகளின் பொதுவான போக்கு உங்களுக்கே தெரியும். பழிவாங்குவதற்காக நாயகியைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுகிறான். அவமதிக்கிறான், அடிக்கிறான், பூட்டிவைக்கிறான். பிறகு அவனுடைய சிறுவயதுத் துயரம் ஒன்று வெளிப்படுகிறது, அவள் உருகிவிடுகிறாள். அவள் கோபமாகப் பேசுகிறாள் என்பதால் அவளை ‘போல்டான ஹீரோயின்’ என்று விளம்பரம் செய்கிறார்கள்.

இது புதிய சரக்கும் அல்ல. பெரிய எழுத்துப் புத்தகமாக வீடுதோறும் இருந்த ‘அல்லி அரசாணி மாலை’யில், மதுரையை ஆளும் அல்லி ஆண்களையே அண்டவிடாதவள். அர்ச்சுனன் சூழ்ச்சியால் உள்ளே புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்த அல்லியின் சினத்தைப் பாடல் பெரிதாகப் பாடுகிறது, ஆனால் கட்டிய தாலி கட்டியதுதான் என்ற இடத்திலேயே கதை போய் நிற்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அல்லியின் சினத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டிருப்பார்கள் என்றே நான் நம்ப விரும்புகிறேன்.

இப்படிப்பட்ட கதையைப் படிக்கும்போது இதை மட்டும் கேளுங்கள்: அவள் மன்னிப்பதற்கு முன்னால் அவன் மாறியிருக்கிறானா, அவள் மன்னித்ததால் மாறுகிறானா? அவளுக்குப் போக ஓர் இடமும் கையில் சிறிது பணமும் இருந்து, அப்படியும் அவள் அவனைத் தேர்ந்தாளா? 1847இல் ஷார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் அய்ர்’ நாவலின் நாயகனும் குற்றம் செய்தவன்தான். மனைவி உயிரோடு இருப்பதை மறைத்து மணமேடை வரை வந்துவிடுகிறான். உண்மை தெரிந்ததும், அவனை உயிராக நேசித்தும், விடிவதற்குள் ஜேன் அந்த வீட்டைவிட்டுப் போகிறாள். பட்டினி கிடக்கிறாள். சொந்தமாக வேலையும் பிறகு சொத்தும் வந்தபின், யார் தயவும் தேவைப்படாத நிலையில், தானாக விரும்பித் திரும்பி வருகிறாள். கதவு திறந்திருக்கும்போது உள்ளே வருவதற்கும், பூட்டிய வீட்டில் மனம் இளகுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதைக்கு வெளியே, கணவன் அடிப்பது காதலின் அடையாளம் அன்று. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்கு எதிராகப் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருகிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையம் இயங்குகிறது. உங்களுக்கோ தோழிக்கோ தேவைப்பட்டால் தயங்காமல் அழையுங்கள்.

ஆங்கிலத்தில் எந்த நூல்களைப் படிக்கலாம்? என் ஆங்கிலம் சுமார்தான்.

சிறிய நூலிலிருந்து தொடங்குங்கள். உர்சுலா லெ குவினின் ‘த டூம்ப்ஸ் ஆஃப் ஆட்டுவான்’ 1971இல் வந்தது, அளவில் சிறியது, மொழி தெளிவானது. குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து எடுத்துச்செல்லப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக வளர்க்கப்படும் டெனார் என்ற பெண்ணின் கதை. தன் ஆளுகையில் உள்ள நிலவறைக்குள் நுழைந்த மந்திரவாதியைச் சாகவிடுவதா, காப்பாற்றுவதா என்ற முடிவு அவளுடையது. அவனைக் காப்பாற்றினால் தான் அறிந்த ஒரே வாழ்க்கையை இழப்பாள். விடுதலை எவ்வளவு பாரமானது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மாயப்புனைவை நான் அதிகம் படித்ததில்லை.

அடுத்து ராபின் மெக்கின்லியின் இரண்டு நாவல்கள். 1982இல் வந்த ‘த ப்ளூ ஸோர்ட்’, 1984இல் வந்து அடுத்த ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற ‘த ஹீரோ அண்ட் த க்ரௌன்’. இரண்டாவதில் ஏரின் என்ற இளவரசி, நெருப்புச் சுடாமல் காக்கும் களிம்பு ஒன்றின் செய்முறையைப் பழைய நூலில் கண்டெடுத்து, அளவுகளை மாற்றி மாற்றிச் செய்துபார்க்கிறாள். டிராகனோடு சண்டையிடும் காட்சியைவிட, தோல்வி தோல்வியாக அவள் அந்தக் களிம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும் பக்கங்களே எனக்குப் பிடித்தவை. சாயப்பட்டறையில் வண்ணக் கலவைக்கு அளவு பார்த்துப் பழகிய திருப்பூர் வாசகி ஒருவர் இந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்துக்காட்டியபோது, எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் ஏரின் சொந்தக்காரப் பெண்ணாகிவிட்டாள்.

காதலும் மாயமும் சரிபாதியாக வேண்டுமென்றால் நவோமி நோவிக்கின் ‘அப்ரூட்டட்’ (2015). மாயம் இல்லாத காதற்கதையில், ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ 1813இல் வந்ததென்றாலும் நம் ஊர்ப் பெண்பார்க்கும் படலத்தோடு அப்படியே பொருந்தும். சொத்து மகளுக்குப் போகாத வீடு, ஐந்து பெண்கள், கவலைப்படும் தாய், வசதியான வரனை ‘முடியாது’ என்று திருப்பியனுப்பும் இரண்டாம் மகள். பொள்ளாச்சிப் பக்கம் நடந்ததென்று சொன்னாலும் நம்பிவிடுவோம்.

படிக்கும்போது முதல் முப்பது பக்கங்களுக்கு அகராதியைத் தொடாதீர்கள். மாயப்புனைவில் புதிய ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் குவியும். அவற்றை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இந்த நூல்களைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

மேலே சொன்ன லெ குவின், மெக்கின்லி நூல்கள் இளையோருக்காக எழுதப்பட்டவை, தாராளமாகக் கொடுக்கலாம். இப்போது கைப்பேசியெங்கும் பேசப்படும் சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ வரிசையும், ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலும் பெரியவர்களுக்கானவை. அவற்றில் உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கின்றன. அட்டை அழகாக இருப்பதால் கடைகளில் சிறுவர் நூல்களின் பக்கத்திலேயே சில நேரம் அடுக்கிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே மகள் படித்துக்கொண்டிருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கிய புத்தகத்தைப் பிள்ளைகள் எப்படியும் வேறு வழியில் முடித்துவிடுவார்கள், அதன்பின் உங்களிடம் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இத்தகைய கதைகளைப் படித்தால் பெண்பிள்ளைகளுக்குத் திருமணத்தைப் பற்றித் தவறான எதிர்பார்ப்பு வந்துவிடாதா?

இதைத் தாய்மார்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. என் விடை, எதிர்பார்ப்பு வரட்டும் என்பதுதான். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு பெண் எதிர்பார்த்தால், அது தவறான எதிர்பார்ப்பு ஆகாது. ‘ஏனுங்க, எனக்கு இன்னும் ரெண்டு வருசம் படிக்கணுமுங்க’ என்று பெண்பார்க்க வந்தவர்களிடம் நேராகச் சொன்ன ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். மரியாதை குறையாமலும் குரல் உயராமலும் சொன்னார். அந்தத் துணிவு ஒரு நாவலிலிருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பேசும் பெண்களை முன்பே பக்கங்களில் சந்தித்திருந்தது அவருக்கு உதவியிருக்கும்.

வாழ்க்கையில் இல்லாத பணக்கார நாயகனை எதிர்பார்த்துவிடுவார்கள் என்பது வேறு கவலை. அதற்கு மருந்து இன்னும் நிறைய, இன்னும் பலவகையாகப் படிப்பதுதான்.

ஆண்கள் இவற்றைப் படிக்கலாமா?

படிக்க வேண்டும். எங்கள் வட்டத்துக்கு வரும் ஆண்கள் சிலரே. ஆனால் விவாதத்தில் அவர்கள் பெரும்பாலும் நாயகனின் பக்கம் நின்று பேசத் தொடங்கி, நாயகியின் முடிவை நியாயப்படுத்திப் பேசி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஷிப்ட் வேலை, வீட்டு வேலை எல்லாம் போக நேரமே இல்லை. எப்படிப் படிப்பது?

நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். கம்பெனிப் பேருந்தில் போகும்போது ஒலிநூல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொடராக வந்த பழைய நாவல்களின் அத்தியாயங்கள் சிறியவை என்பதால் அவை வேலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் ஏற்றவை.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

கல்கியின் நாவல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றையும் மணிமேகலையையும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பதிப்புகள் கிடைக்கின்றன. அச்சு நூலுக்கு, ஊரில் இருக்கும் அரசு நூலகத்தில் முதலில் உறுப்பினராகுங்கள். கேட்கும் நூல் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். வாங்குவதென்றால் கோவை ராஜவீதியில் விஜயா பதிப்பகம் இருக்கிறது. 2005 முதல் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்திவரும் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். கோவையில் கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். ஆண்டு முழுவதும் பட்டியல் போட்டு வைத்து அங்கே போய் வாங்குவது எங்கள் பழக்கம்.

கொங்கு மண்ணிலேயே நடக்கும் மாயப்புனைவு ஒன்றை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அருகில் உள்ள கொடுமணலைப் பற்றிப் படியுங்கள். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடும் ஊர் அது. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. காங்கேயத்துக்கு அருகில் படியூரில் பச்சைக்கல் எடுத்திருக்கிறார்கள். சேர நாட்டுத் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூருக்குப் போன பெருவழி அந்தப் பக்கம்தான் சென்றது. ஒரு மணி கோப்பவள், ஓர் உலைக்காரரின் மகள், கணவாயைக் கடந்துவரும் வணிகக் கூட்டம், தெற்கே ஆனைமலைக் காடு, வடக்கே சத்தியமங்கலத்துக் காடு என உங்களுக்கு வேண்டிய உலகம் பாதி உருவாகியே இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் என்ன மாயம் இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.

மாயத்துக்குக் கணக்கு வையுங்கள். எதைக் கொடுத்தால் அந்த ஆற்றல் கிடைக்கிறது, எப்போது அது கைவிடும் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவளுடைய எந்த முடிவுக்கும் எடை இருக்காது. பேச்சில் கொங்கு வழக்கைக் கொண்டுவாருங்கள். அம்மிச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், பேசுவது ஒரு விதம், மாமனிடம் பேசுவது வேறு விதம், விரும்புகிறவனிடம் பேசுவது முற்றிலும் வேறு என்பதைக் காதால் கேட்டு எழுதுங்கள். காதலனைக் கதைக்குள் விடுவதற்கு முன்னால், அவன் இல்லாமலேயே அவள் எதற்காக ஏங்குகிறாள் என்று ஓர் அத்தியாயம் முழுவதும் எழுதுங்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் எழுதி முடித்ததும் எங்கள் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் படியாக இருந்தாலும் போதும், சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவோம்.